ஆலையிலிருந்து வகுப்பறைக்கு: விநியோகச் சங்கிலி கற்பிக்க வருகிறவர்களுக்கு

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட தொழிற்பேட்டைகளில் இருபது, முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து, ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், உற்பத்தித் திட்டமிடல், டிஸ்பாட்ச் என்று ஏதோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள், ஓய்வுக்குப் பிறகோ அதற்குச் சற்று முன்போ கல்லூரிகளில் விநியோகச் சங்கிலி மேலாண்மை (சப்ளை செயின், அதாவது மூலப்பொருளிலிருந்து வாடிக்கையாளர் கைவரை சரக்கு போகும் வழியை நிர்வகிப்பது) கற்பிக்க வருவது இப்போது பரவலாகியிருக்கிறது. அப்படி வர நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வாகன உதிரிபாகப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவன் நான். வந்த முதல் பருவத்தில் செய்யக் கூடாதவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்து முடித்தவன்.

முதல் வகுப்பில், ஓர் இரவு முழுவதும் லாரியைத் துரத்திப் பொருளைக் கொண்டுவந்து உற்பத்தி லைன் நிற்காமல் காப்பாற்றிய கதையை ஐம்பது நிமிடம் சொன்னேன். மாணவர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். முடிவில், "இதே நிலைமை உங்களுக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒருவர் மரியாதையாகச் சொன்னார்: "நீங்க செஞ்சதையே செய்வோம் சார்." கிண்டலில்லாத பதில் அது. முடிவையும் சேர்த்து நானே சொல்லிவிட்ட பிறகு அவர்கள் யோசிப்பதற்கு என்ன மிச்சமிருந்தது? இந்தக் கட்டுரையில் வருகிற மற்ற எல்லா அறிவுரைகளும் அந்த ஒரு பதிலிலிருந்து நான் கற்றுக்கொண்டவையே.

எந்த வாசல் வழியாக நுழைவது

முதலில் நுழைவு வழியை முடிவு செய்யுங்கள். முழுநேர உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலைப் பட்டமும், நிறுவனத்தின் வகையைப் பொறுத்து நெட், செட் தகுதித் தேர்வுகளில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ கேட்பார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு அது நீண்ட வழி. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, தம் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவமுள்ளவர்களை 'தொழில்முறைப் பேராசிரியர்' என்ற பெயரில் கல்லூரிகள் அமர்த்திக்கொள்ளலாம். முறையான கல்வித் தகுதி இதற்குக் கட்டாயமில்லை. ஆனால் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் இப்படி நிரப்பக் கூடாது என்பதும், ஒருவருக்கு மூன்று ஆண்டுகள், விதிவிலக்காக இன்னும் ஓராண்டு, மொத்தம் நான்கு ஆண்டுகள்தான் என்பதும் வரம்புகள். ஆகவே இதை இன்னொரு நிரந்தர வேலையாக நினைத்து வரவேண்டாம்.

பெரும்பாலோருக்குப் பொருத்தமானது வருகைதரு விரிவுரையாளர் வழிதான். வாரத்துக்கு நான்கு அல்லது ஆறு மணி நேரம், ஒரே ஒரு பாடம், மணிக்கணக்கில் ஊதியம். இன்னொரு வழி திறன் பயிற்சி. தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகள் கல்லூரிகளிலேயே நடக்கின்றன. தளவாடத் (லாஜிஸ்டிக்ஸ்) துறைக்கான திறன் மன்றத்தின் தலைமையகமும் சென்னையில்தான் இருக்கிறது. இவற்றில் பாடம் எடுக்கப் பயிற்றுநர் சான்றிதழ் கேட்பார்கள். கிடங்கு, டிஸ்பாட்ச் பிரிவுகளில் மேற்பார்வையாளராக இருந்தவர்களுக்கு, மேலாண்மைப் பட்ட வகுப்பைவிட இது நன்றாக ஒத்துவரும் என்பது என் கணிப்பு.

ஊதிய விஷயத்தை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மணிக்கு எவ்வளவு, வினாத்தாள் தயாரிப்பதற்கும் விடைத்தாள் திருத்துவதற்கும் தனியாக உண்டா, மாதாமாதம் தருவார்களா பருவ முடிவில் தருவார்களா என்று மூன்று கேள்விகள் போதும். ஒரு கல்லூரியில் நான் கூச்சப்பட்டு இதைக் கேட்காமல் விட்டேன். ஜூலையில் எடுத்த வகுப்புக்கான பணம் மறு ஆண்டு பொங்கலுக்குப் பிறகு வந்தது. வாழ்நாள் முழுவதும் சரக்கு தரும் வெண்டர்களின் பணத்தை இழுத்தடித்த பர்ச்சேஸ்காரனுக்கு இது வேண்டியதுதான் என்று என் மனைவி சொன்னார்.

இன்னும் பணியில் இருப்பவர்கள் நிறுவனத்திடம் அனுமதிக் கடிதம் வாங்காமல் வகுப்பெடுக்கச் செல்ல வேண்டாம். ஓய்வு பெற்றவர்களும், பணி நியமனத்தின்போது கையெழுத்திட்ட இரகசியக் காப்பு ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

கதையை முடிவுக்கு முன்பே நிறுத்துதல்

வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, உங்கள் பணிக்காலத்தில் நடந்த இருபது சம்பவங்களை எழுதுங்கள். வெற்றிக் கதைகளை ஐந்தோடு நிறுத்திக்கொண்டு, மற்றவை சொதப்பியவையாகவே இருக்கட்டும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் அன்று காலை உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, கையில் என்னென்ன வழிகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் செலவு எவ்வளவு என்ற நான்கை மட்டும் எழுதுங்கள். என்ன முடிவெடுத்தீர்கள் என்பதைத் தாளின் மறுபக்கத்தில் எழுதுங்கள். வகுப்பில் முன்பக்கத்தை மட்டும் கொடுக்க வேண்டும்.

என் நோட்டிலிருந்து ஒன்றைக் காட்டுகிறேன். எண்களை எல்லாம் ஒரே விகிதத்தில் மாற்றியிருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், பழைய நிறுவனத்தின் இரகசியமும் காக்கப்படும், கணக்கும் கெடாது.

ஒரு வண்டிக்கு நான்கு வீதம் தேவைப்படும் ஏழு ரூபாய் கிளாம்ப். காலை பத்து மணிக்கு பின் கார்டில் (ஸ்டோர்ஸில் ஒவ்வொரு பொருளின் இருப்பையும் எழுதிவைக்கும் அட்டை) இருப்பு 1,400 என்று இருக்கிறது. கையால் எண்ணினால் 240. மணிக்குப் பதினைந்து வண்டி என்ற கணக்கில் அறுபது கிளாம்ப் தேவை. அதாவது இரண்டு மணிக்கு லைன் நிற்கும். லைன் நின்றால் மணிக்கு 40,000 ரூபாய் இழப்பு. கோயம்புத்தூர் வெண்டரிடம் சரக்கு தயாராக இருக்கிறது. வழக்கமான லாரியில் வந்தால் மறுநாள் காலை வரும். தனி வண்டி வைத்தால் 14,000 ரூபாய் செலவில் இரவு ஒன்பதுக்கு வரும். அம்பத்தூரில் ஒருவர் மாலைக்குள் இருநூறு கிளாம்ப் செய்து தருவார், ஆனால் தர ஒப்புதல் கிடையாது. கிளாம்ப் இல்லாமலே வண்டியை லைனில் ஓட்டி முடித்து, பிறகு பொருத்தலாம்; ஒரு வண்டிக்கு 350 ரூபாய் கூடுதல் வேலை. இரண்டாம் ஷிஃப்ட் இரவு பத்துக்கு முடிகிறது.

இதை ஒரு தாளில் அச்சிட்டு, நால்வர் நால்வராக உட்கார வைத்து, இருபது நிமிடம் கொடுங்கள். ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். இதுதான் மிகவும் கடினம். அன்று நான் எடுத்த முடிவு தனி வண்டி. ஒரு மாணவி கணக்குப் போட்டுப் பலகையில் எழுதிக் காட்டினார்: இரண்டு மணி முதல் ஒன்பது மணி வரை ஏழு மணி நேரம், 2,80,000 ரூபாய் இழப்பு, வண்டி வாடகை தனி, கிளாம்ப் இல்லாமல் ஓட்டியிருந்தால் ஷிஃப்ட் முடியும்வரை நூற்றிருபது வண்டி, 42,000 ரூபாய். தரப் பிரிவு அதற்கு அனுமதித்திருக்காது என்று விளக்கினேன். "நீங்க கேட்டீங்களா சார்?" என்றார். நான் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பார்கள் என்று நானே முடிவு செய்திருந்தேன். பதினோரு ஆண்டுகள் கழித்து, ஒரு வகுப்பறையில்தான் அது எனக்கு உறைத்தது.

இன்னொரு குழு, எந்த வழி மலிவு என்பதை விட்டுவிட்டு, பின் கார்டில் 1,400 என்று எப்படி வந்தது என்று கேட்டது. ஆய்வில் கழிக்கப்பட்ட சரக்கை இருப்பிலிருந்து நீக்காமல் விட்டிருந்தோம். நல்ல வகுப்பு அங்கேதான் போய்ச் சேர வேண்டும். ஆனால் நீங்கள் கைப்பிடித்து அழைத்துப் போனால் சேராது.

ஆலைக்காரருக்குத் தெரியாதவை

நமக்குச் சங்கிலியின் நடுப்பகுதி நன்றாகத் தெரியும். இரண்டு முனைகளும் தெரியாது. கோடவுனுக்கு வந்த கன்டெய்னரைத் திறந்திருப்போம். அது எந்த ஆவணங்களின் மேல் ஏறி வந்தது என்று பார்த்திருக்க மாட்டோம். டிஸ்பாட்ச் கேட்டைத் தாண்டிய பெட்டி கடையில் எத்தனை நாள் தூங்கியது என்றும் தெரியாது. ஆகவே குறைந்தது மூன்று விஷயங்களை உட்கார்ந்து படிக்க வேண்டும். பன்னாட்டு வணிக விதிமுறைச் சொற்களின் (இன்கோடெர்ம்ஸ்) 2020 பதிப்பில் பதினொரு சொற்கள் உள்ளன; எந்த இடத்தில் சரக்கின் பொறுப்பு விற்றவர் கையிலிருந்து வாங்கியவர் கைக்கு மாறுகிறது என்பதை ஒவ்வொன்றுக்கும் படம் வரைந்து காட்டப் பழகுங்கள். அடுத்தது ஜிஎஸ்டியும், சரக்கு போகும்போது கூடவே இருக்க வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லும். 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சீட்டு, சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லுபடியாகும். நெரிசலில் லாரி நிற்கும்போது இந்தக் கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மாணவர்களுக்கு நினைவுபடுத்துங்கள். மூன்றாவது, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று சொல்கிற 2006-ஆம் ஆண்டுச் சட்டம். பர்ச்சேஸில் இருந்தவர்கள் இதைப் படிக்கும்போது சற்றுத் தலைகுனிய நேரிடும்.

பிறகு கோட்பாடு. 'சப்ளை செயின் மேலாண்மை' என்ற சொற்றொடரை 1982-இல் கீத் ஆலிவர் என்ற ஆலோசகர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். அதற்கு முன்பும் நாம் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம். ஆலையிலிருந்து வருகிறவர்களிடம் சூத்திரங்களை ஏளனம் செய்யும் பழக்கம் உண்டு. "இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது தம்பி" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதன் பிறகு அந்த வகுப்பில் யாரும் கணக்குப் போட மாட்டார்கள். ஏளனம் செய்யும் முன்பு போட்டுப் பாருங்கள்.

ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கினால் மொத்தச் செலவு மிகக் குறையும் என்று சொல்லும் சிக்கன ஆர்டர் அளவு என்ற சூத்திரத்தை ஃபோர்டு ஹாரிஸ் 1913-இல் எழுதினார். ஆண்டுத் தேவை 3,600, ஓர் ஆர்டருக்கான செலவு 500 ரூபாய், ஒரு பொருளை ஓராண்டு வைத்திருக்கும் செலவு 40 ரூபாய் என்று கொள்ளுங்கள். இரண்டு, 3,600, 500 மூன்றையும் பெருக்கி, 40-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 300. இந்த அளவில் வாங்கினால் ஆர்டர் செலவு 6,000, இருப்புச் செலவு 6,000, மொத்தம் 12,000 ரூபாய். பாடநூல் பெரும்பாலும் இங்கே நின்றுவிடும். நீங்கள் நிற்காதீர்கள். வெண்டரின் பெட்டியில் 250 இருந்தால் என்ன செய்வது என்று கேளுங்கள். 250 வீதம் வாங்கினால் மொத்தச் செலவு 12,200. வெறும் 200 ரூபாய்தான் கூடுதல். 200 வீதம் வாங்கினாலும் 450 வீதம் வாங்கினாலும் 13,000. அதாவது அந்த வளைகோடு அடியில் கிண்ணம்போல் தட்டையாக இருக்கிறது. சற்று இப்படி அப்படிப் போனால் குடி முழுகிவிடாது. பெட்டிக் கணக்கில் வாங்கிய நம் ஸ்டோர்கீப்பர் தவறு செய்யவில்லை என்பதைச் சூத்திரமே சொல்கிறது. இதைப் பலகையில் காட்டும்போது, கோட்பாட்டுக்கும் ஆலைக்கும் இருக்கும் சண்டை பாதி தீர்ந்துவிடும்.

காப்பு இருப்பு, மறு ஆர்டர் நிலை, ஏபிசி பகுப்பாய்வு போன்ற மற்ற இருப்பு முறைகளுக்கும் இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை இங்கே விரிக்கவில்லை.

ஊரைப் பாடநூலாக்குதல்

வடசென்னையில் இந்தப் பாடத்தை எடுப்பதில் இருக்கும் வசதி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம் என்று நாம் சொல்லும் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி ஆகிய மூன்றும் ஒரே கரையில் வரிசையாக இருக்கின்றன. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டி, செங்குன்றம் பக்கம் கிடங்குகள். நிலக்கரிக்காகவே முதலில் கட்டப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் பிறகு கார் ஏற்றுமதிக்கும் வாசலானது ஏன் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் வகுப்பெடுக்கலாம்.

துறைமுகத்துக்குள் போக அனுமதிச் சீட்டு, பாதுகாப்புச் சோதனை எல்லாம் உண்டு; கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். அதற்காக நிற்க வேண்டாம். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வரிசை வெளியிலேயே தெரிகிறது. காத்திருப்பு வரிசையைப் பற்றிய லிட்டில் விதியைச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல கருவி இல்லை. வரிசையில் நிற்பவற்றின் எண்ணிக்கையை, ஒரு மணி நேரத்தில் உள்ளே போகிறவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால், சராசரிக் காத்திருப்பு நேரம் கிடைக்கும். 240 வண்டி நிற்கிறது, மணிக்கு 40 உள்ளே போகிறது என்றால் ஆறு மணி நேரம். இதைச் சொன்னதும் என் வகுப்பில் ஒரு மாணவர் கையைத் தூக்கி, அவருடைய அப்பா டிரெய்லர் ஓட்டுகிறவர் என்றும், அந்த ஆறு மணி நேரத்தில் ஓட்டுநர் தூங்கவும் முடியாது, வண்டியை விட்டு இறங்கவும் முடியாது, ஏனென்றால் வரிசை எப்போது நகரும் என்று தெரியாது என்றும் சொன்னார். சராசரியைவிட அதன் நிச்சயமின்மையே அதிகத் தொல்லை என்பதை மாறுபாடு குறித்த ஒரு முழு அத்தியாயம் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

ஓர் எச்சரிக்கை. மாணவர்களை வண்டி எண்ண அனுப்பினால் சாலையோரத்தில் நிற்க விடாதீர்கள். நடைமேம்பாலமோ மெட்ரோ நிலையத்தின் மேல் தளமோ போதும். பகல் வெளிச்சத்தில், இருவர் இருவராக, ஒரு மணி நேரம். இருபதடிப் பெட்டி எத்தனை, நாற்பதடி எத்தனை, காலியாகத் திரும்புவது எத்தனை என்று மூன்று பத்திகள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுங்கள்.

காசிமேட்டுக் கணக்குதான் என் வகுப்புகளில் மிகவும் பயன்பட்டது. விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்கும் அம்மா ஒருவர் எத்தனை கிலோ எடுக்க வேண்டும்? கிலோ 200 ரூபாய்க்கு எடுத்து 300-க்கு விற்கிறார். மிஞ்சியது மாலையில் 150-க்குப் போகும். ஒரு கிலோ குறைவாக எடுத்தால் 100 ரூபாய் லாபம் போகிறது. ஒரு கிலோ அதிகமாக எடுத்தால் 50 ரூபாய் நட்டம். நூறை, அந்த நூறும் ஐம்பதும் சேர்ந்த நூற்றைம்பதால் வகுத்தால் மூன்றில் இரண்டு. அதாவது, நூறு நாளில் ஏறத்தாழ 67 நாள் மீன் தட்டுப்பாடில்லாமல் போதுமான அளவுக்கு எடுக்க வேண்டும். பலகையில் இதை எழுதி முடித்து, சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

"சார், ஐஸ் துட்டு எங்க சார்?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எங்க அம்மா ஐஸ் இல்லாம கூடையைத் தூக்கவே மாட்டாங்க. ஷேர் ஆட்டோ வேற இருக்கு."

கிலோவுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணி, இரண்டும் சேர்த்து இருபது ரூபாய் என்றார். பலகையில் 200-ஐ அழித்து 220 என்று எழுதினோம். குறைவாக எடுத்தால் 80 ரூபாய் லாபம் போகும். அதிகமாக எடுத்தால் 70 ரூபாய் நட்டம். எண்பதை நூற்றைம்பதால் வகுத்தால், 67 நாள் என்பது 53 நாளாக இறங்கிவிட்டது. இருபது ரூபாயை நான் விட்டதால் அந்த அம்மாவை ஒவ்வொரு நாளும் கூடுதலாக வாங்கச் சொல்லியிருக்கிறேன். பிறகு அதே மாணவர், புரட்டாசியில் வாங்க ஆளிருக்காது, ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாததால் விலை எகிறும் என்று தொடர்ந்தார். தேவையின் பருவமாற்றத்தையும் வரத்தின் பருவமாற்றத்தையும் அவர் பிரித்துச் சொன்னதை நான் அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

இங்கே படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் சங்கிலியின் ஏதாவது ஒரு கண்ணி இருக்கும். சிலர் மாலையில் கிடங்கில் பொருள் எடுத்துக் கட்டுகிறார்கள், சிலர் இரவு பதினொன்று வரை உணவு டெலிவரி செய்துவிட்டுக் காலை வகுப்பில் கண்ணயர்கிறார்கள். தூங்குகிறவரை எழுப்பித் திட்டுவதற்கு முன்பு, நேற்று எத்தனை ஆர்டர், எந்தக் கடையில் அதிக நேரம் காத்திருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதல் வாரமே ஒரு சிறு தாளில், வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுத விரும்புகிறவர்கள் மட்டும் எழுதட்டும் என்று சொல்லுங்கள். கட்டாயப்படுத்தக் கூடாது, எல்லோரும் சொல்ல விரும்பமாட்டார்கள்.

ஒரு விளையாட்டு

கடையில் தேவை சற்று மாறினாலும், ஆலையை நோக்கிப் போகப் போக ஆர்டர்கள் பெரிதாக ஏறி இறங்குவதைச் சாட்டை விளைவு என்பார்கள். அதைச் சொல்லிப் புரியவைக்க முயல வேண்டாம், விளையாட வையுங்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் 1960-களில் உருவான ஒரு விளையாட்டு இது. அங்கே பீர் பெட்டியை வைத்து ஆடினார்கள்; நம் வகுப்புக்கு பிஸ்கட் பெட்டி என்று மாற்றிக்கொள்ளலாம். சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு மேசைகள். ஒவ்வொருவரிடமும் முதலில் 12 பெட்டி. ஆர்டரைச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும், பேசக் கூடாது. அனுப்பிய சரக்கு போய்ச் சேர இரண்டு வாரம். வைத்திருக்கும் பெட்டிக்கு வாரம் 50 பைசா, கொடுக்க முடியாமல் பாக்கி வைத்த பெட்டிக்கு ஒரு ரூபாய்.

வாடிக்கையாளர் தேவையைச் சில்லறைக் கடைக்காரர் மட்டும் வாராவாரம் சீட்டு எடுத்துப் பார்ப்பார். முதல் நான்கு வாரம் நான்கு பெட்டி. ஐந்தாம் வாரத்திலிருந்து கடைசிவரை எட்டு. அவ்வளவே மாற்றம். ஆனால் பதினைந்தாவது வாரம் வருவதற்குள் ஆலை மேசையில் இருப்பவர் ஒரு வாரம் நாற்பது பெட்டி ஆர்டர் பார்த்துத் திகைப்பதும், அடுத்த சில வாரங்களில் ஒன்றுமே வராமல் உட்கார்ந்திருப்பதும் நடக்கும். ஆட்டம் முடிந்ததும் சீட்டைக் காட்டாமல், வாடிக்கையாளர் தேவை எப்படி இருந்திருக்கும் என்று மற்ற மூன்று மேசைக்காரர்களையும் வரையச் சொல்லுங்கள். ஏறக்குறைய எல்லோரும் அலைபோல் ஏறி இறங்கும் கோட்டைத்தான் வரைவார்கள். பிறகு, ஒரே ஒரு படி ஏறி நேராகப் போகும் உண்மையான கோட்டை அதன் மேல் வரையுங்கள். அந்த நேரத்தில் வகுப்பில் எழும் சத்தத்தை அடக்க வேண்டாம்.

இதற்கு இரண்டு மணி நேரம் தொடர்ச்சியாக வேண்டும். அட்டவணை போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி, இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து வாங்குங்கள். முதல்முறை நான் ஐம்பது நிமிடத்தில் ஆடி, எட்டாவது வாரத்தில் மணி அடித்துவிட்டது. எல்லோரும் பாக்கியோடு வீட்டுக்குப் போனார்கள்.

மொழி, தேர்வு, கோப்பு

தேர்வு ஆங்கிலத்தில் நடக்கும். பாதி மாணவர்கள் தமிழ்வழியில் பள்ளி முடித்தவர்கள். நான் கையாளும் முறை இது: கருத்தையும் சம்பவத்தையும் தமிழில் பேசுவேன், தொழிற்சொல்லை ஆங்கிலத்திலேயே பலகையில் எழுதுவேன், வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் அன்றைய பாடத்தை ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியமாக எழுதச் சொல்வேன். லீட் டைம், லாட் சைஸ் போன்ற சொற்களுக்குத் தனித்தமிழ் தேடி நேரத்தைச் செலவிடுவதில்லை. நேர்முகத் தேர்வில் அவர்களிடம் லீட் டைம் என்றுதான் கேட்பார்கள்.

தேர்வை அலட்சியப்படுத்தாதீர்கள். பாடத்திட்டத்தின் ஐந்து அலகுகளையும் முடிக்க வேண்டும். உங்களுக்குப் பிடித்த உற்பத்தித் திட்டமிடலிலேயே எட்டு வாரம் தங்கிவிட்டால், கடைசி இரண்டு அலகுகளில் வரும் பதின்மூன்று மதிப்பெண் கேள்விக்கு மாணவர்கள் வெறும் தாளைக் கொடுப்பார்கள். பழைய வினாத்தாள்கள் ஐந்தைத் துறைத் தலைவரிடம் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு அட்டவணை போடுங்கள். வருகைப் பதிவு, அகமதிப்பீடு, பாடக் கோப்பு என்று தாள் வேலையும் உண்டு. ஐஎஸ்ஓ தணிக்கைக்கு முந்தின இரவு பதிவேடுகளை நிரப்பிப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது. ஆனாலும் அன்றன்றே எழுதிவிடுவது நல்லது.

வகுப்பில் 'எங்கள் காலத்தில்' என்று தொடங்கும் வாக்கியங்களை விட்டுவிடுங்கள். ஷிஃப்ட் சூப்பர்வைசர் குரலும் வேண்டாம். மாணவர்களை 'நீங்கள்' என்றே அழையுங்கள்; ஆலையில் தொழிலாளியை ஒருமையில் அழைத்துப் பழகியவர்களுக்கு முதல் மாதம் நாக்கு தடுக்கும். பழைய நிறுவனத்தைப் பெயர் சொல்லிப் பழிக்காதீர்கள். உங்கள் மாணவர்களில் நால்வர் அங்கேயே வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள்.

பருவம் முடிந்ததும், விடுமுறை தொடங்குவதற்கு முன்பே, நோட்டுப் புத்தகத்தை எடுத்து வகுப்பில் எழுந்த கேள்விகளை அந்தந்தச் சம்பவத்துக்கு அடியில் எழுதுங்கள். ஒரு வாரம் தள்ளிப் போட்டால் மறந்துவிடும். காசிமேட்டுத் தாளில் நான் ஐஸ், ஆட்டோ என்று ஒரு வரி சேர்த்து, இனி இதில் ஓட்டை இல்லை என்று நினைத்து, அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் கொடுத்தேன். அவர்களில் ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏலத்தில் எடுக்கும்போது பத்து கிலோ இருப்பது மீன் சுத்தம் செய்து கொடுத்து முடிக்கும்போது பத்து கிலோவாக இருக்குமா, விலை சொல்வது எந்த எடைக்கு என்று கேட்டார். அந்த வரியை இன்னும் சேர்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காசிமேடு போய்க் கேட்டுவிட்டுச் சேர்க்க வேண்டும்.